பாக்கெட் இருந்த இடம்

பீரோவிலிருந்து எடுத்த சேலையின் முந்தானை ஓரத்திலிருந்து ஜெயபாரதி ஒரு நூலை உருவினாள். தீக்குச்சியைக் கிழித்து அதன் நுனியில் காட்டினாள். நூல் எரியவில்லை. சுருங்கியது. சுருங்கிக் கறுத்து, கடுகளவு உருண்டையாக நின்றது. ஆறியதும் விரலால் நசுக்கிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

இதுவும் பாலியஸ்டர்தான். அந்த இளம்பச்சைச் சேலையையும் கட்டில்மேல் போட்டாள். அங்கே ஏற்கெனவே ஒரு குன்று எழும்பியிருந்தது.

பருத்தி நூலாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனை வரும்; சாம்பலை ஊதினால் பறந்துவிடும். திருப்பூரில் துணியோடு பழகிய யாருக்கும் இது தெரியும். அவள் கணவர் அருள்செல்வன் துணி வாங்கப் போகும் இடத்திலெல்லாம் முதலில் தீப்பெட்டியைத்தான் எடுப்பார். ஆனால் தன் சொந்த பீரோவுக்கு இந்தப் பரிசோதனை வரும் என்று ஜெயபாரதி நினைத்ததில்லை.

காரணம், நேற்றுக் காலை பிறந்த பேத்தி.

மூத்த மகள் அனுப்ரியாவுக்குத் தலைப்பிரசவம். மருத்துவர் சொன்ன தேதிக்கு முன்பே வலி வந்து, சிக்கலில்லாமல் பெண் குழந்தை பிறந்தது. நாளைக் காலை தாயையும் பிள்ளையையும் திருப்பூர் ராயபுரத்தில் இருக்கும் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். வீட்டுக்கு வரும் குழந்தையைப் புதுத் துணியில் சுற்றுவது அவர்கள் வழக்கமில்லை. வீட்டில் நன்றாக வாழ்கிற ஒருவர் உடுத்தி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பருத்தித் துணியில்தான் சுற்றித் தூக்கி வருவார்கள். வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் படுக்கவைக்கும்போதும் அதே துணிதான் இருக்கும்.

அனுப்ரியாவுக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஆறு மாதக் கர்ப்பத்திலேயே, இயற்கை முறையில் விளைந்த பருத்தி என்று சான்றிதழ் பெற்ற குழந்தைத் துணி செட் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்திருந்தாள். பெரிய அட்டைப்பெட்டி, அதற்குள் சின்ன அட்டைப்பெட்டி, அதற்குள் மெல்லிய காகிதம், அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு சட்டை. கூடவே, பூமியைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்லி ஒரு அட்டை. ஜெயபாரதி அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தாள். பனியன் ஊரில் பிறந்து, பனியன் ஊரிலேயே வாழ்க்கைப்பட்ட தன் வீட்டில் பழைய பருத்தித் துணிக்கா பஞ்சம் என்று கேட்டாள். அனுப்ரியாவின் மாமியார் செல்லாத்தாள் அப்போது குன்னத்தூரிலிருந்து வந்திருந்தார். அவர் எதிரிலேயே சொன்னாள்.

"நீங்களும் ஒண்ணும் கொண்டாந்துறாதீங்க சம்பந்தி. எங்க ஊட்டுப் பழந்துணியிலதான் பாப்பா ஊட்டுக்கு வரோணும். அது என் பொறுப்புங்க."

அனுப்ரியாவும் அம்மாவை நம்பி அந்த செட்டைத் திருப்பி அனுப்பிவிட்டாள். நேற்று ஆஸ்பத்திரியில், களைத்துப் படுத்திருந்தவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான். துணி எடுத்து வைத்துவிட்டீர்களா அம்மா? எடுத்து வைத்தாயிற்று என்று ஜெயபாரதி சொல்லியும்விட்டாள். எடுத்தால் வந்துவிடப்போகிறது என்ற நினைப்புதான்.

இப்போது மாலை ஐந்து மணி. பீரோ காலி.

சேலைகள் அத்தனையும் இஸ்திரி வேண்டாத ரகம். ஆடியில் ஆஃபர், தீபாவளியில் ஆஃபர், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வந்து சேர்ந்தவை. நைட்டிகள் வழவழவென்று கையைவிட்டு நழுவின. படுக்கை விரிப்புகள் மைக்ரோ என்று ஏதோ பெயர் சொல்லி விற்றவை. துண்டுகள் பருத்திதான், ஆனால் தேய்ந்து மரப்பட்டை மாதிரி முரடாகியிருந்தன. பழைய உள்பாவாடை இருந்தது. அதைக் குழந்தைக்கு முதல் துணியாக்க மனம் ஒப்பவில்லை.

ஒரே ஒரு சேலை காகித வாசனையோடு எரிந்தது. அனுப்ரியா கல்யாணத்தின்போது வந்த சாம்பல் நிறச் சுங்குடி. ஆனால் அது கஞ்சி மொடமொடப்பு மாறாமல், கடைக்காரன் மடித்த மடிப்போடு அப்படியே இருந்தது. இஸ்திரி போட வேண்டுமே என்று ஒருநாள்கூடக் கட்டவில்லை. பழையதாக ஆக அந்தச் சேலைக்கு அவள் வாய்ப்பே கொடுக்கவில்லை.

அருள்செல்வனின் அலமாரியைத் திறந்தாள். மண்ணரைப் பகுதியில் அவர் நடத்தும் தையல் யூனிட்டில் சில வருடங்களாக விளையாட்டு உடுப்புகள்தான் ஓடுகின்றன. சாம்பிள் வரும், மிஞ்சியது வரும், அவரும் அதையே மாட்டிக்கொள்வார். வியர்வை சீக்கிரம் காயும் என்பார். ஐம்பத்தைந்து வயதில் கால்பந்து வீரரைப் போல முதுகில் எண்ணோடு காய்கறி வாங்கப் போவார். வேட்டி கட்டும் நாளிலும் இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் ரகம்தான். பாதிக்குப் பாதி கலப்பு.

மிச்சம் இருந்தது மாமனார் தண்டாயுதபாணி. எழுபத்தொன்பது வயது. பருத்தியைத் தவிர எதையும் உடம்பில் போடாதவர். ஜெயபாரதிக்கு மூச்சு திரும்ப வந்தது. முன்னறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவரிடம் போய், பழைய வேட்டி ஒன்று வேண்டும் மாமா என்றாள்.

அவர் சத்தத்தைக் குறைத்தார்.

"பழசு ஏது அம்மணி?"

அவரிடம் மொத்தம் இரண்டு வேட்டி. இரண்டும் பொங்கலுக்கு எடுத்தவை, இன்னும் விறைப்பாகத்தான் இருந்தன. பழையது என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, அவர் எதையும் ஒளிக்காமல் சொன்னார். வேட்டி நடுவில் நைந்தால் கிழித்து இரண்டு துண்டு. துண்டு நைந்தால் நான்கு கைக்குட்டை. மிஞ்சிய ஓரங்கள் தொட்டிக் குழாய் வாய்க்கு வடிகட்டி. கடைசியாக மிஞ்சியது இதோ என்று ஜன்னல் ஓரத்தில் மடித்து வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். மொபெட் துடைத்த எண்ணெய்க் கறையோடு உள்ளங்கையளவு கந்தல். அவருடைய பனியன்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவற்றில் துணியைவிட ஓட்டைதான் அதிகம்.

"முன்னமே கேட்டிருந்தீன்னா ஒண்ண மிச்சம் வெச்சிருப்பனே" என்றார் அவர். குற்றம் சொல்லும் குரலில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

எதையும் வீணாக்காத மனிதரிடம் எதுவும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்கிற தன்னிடமும் இல்லை. ஜெயபாரதிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற நேரமில்லை.

அப்புறம்தான் அந்த மூன்று மூட்டைகள் ஞாபகத்துக்கு வந்தன. போன வருடம் அனுப்ரியா விடுமுறையில் வந்தபோது, தேவையில்லாததை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று ஒரு வேகம் பிடித்து எல்லா அலமாரிகளையும் கவிழ்த்தாள். பழைய பருத்தித் துணியை அரைத்து மறுபடி நூலாக்குகிற ஒரு கம்பெனி, வண்டி அனுப்பி வாங்கிக்கொண்டது. ஜெயபாரதியின் பழைய பருத்திச் சேலைகள், அருள்செல்வனின் கல்யாணக் காலத்து வேட்டிகள், இரண்டு பெண்களும் தொட்டிலில் கிடந்த சேலைகூட அதில் போயிற்று. பதிலுக்கு ஒரு நெல்லி நாற்று கொடுத்தார்கள். ஜெயபாரதிக்கு அன்று ஒரு வருத்தமும் இல்லை. பீரோவில் இடம் கிடைத்ததே என்று அடுத்த ஆஃபருக்குக் கிளம்பிவிட்டாள். நெல்லி இப்போது மொட்டைமாடித் தொட்டியில் முழங்கால் உயரம் நின்றது.

மாடி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அவள் நினைக்க விரும்பாத ஒன்று.

சின்ன மகள் ஜனனி கல்லூரியில் மூன்றாம் வருடம். அவள் துணி வாங்குவது, பிறர் போட்டுக் கழித்த துணிகளைத் துவைத்துப் படம் எடுத்துப் போடுகிற இன்ஸ்டாகிராம் பக்கங்களில். அதற்கு த்ரிஃப்ட் என்று பெயர். உலகத்தில் ஏற்கெனவே தைத்த துணியே போதும். புதிதாக வேறு எதற்கு என்பது அவள் கட்சி. ஊரே புதுத் துணி தைத்து உலகத்துக்கு அனுப்புகிறது, என் வயிற்றில் பிறந்தவள் எவனோ போட்ட பழசை வாங்குகிறாள் என்று ஜெயபாரதி எத்தனையோ தரம் சண்டை போட்டாயிற்று. யார் உடுத்தியதோ, என்ன நோயோ, என்ன பீடையோ. கடைசியில் ஒரு சட்டம் போட்டாள். ஜனனியின் த்ரிஃப்ட் துணிக்கு வாளி தனி, கொடி தனி. வாஷிங் மெஷினுக்குள் அது வரவே கூடாது. ஜனனி ஒரு சிவப்பு வாளி வாங்கிக்கொண்டு, தானே துவைத்து, மாடியின் தனிக் கொடியில் காயப்போட்டு வந்தாள். ஒரு வருடமாக இப்படித்தான்.

ஜெயபாரதி மாடிக்குப் போனாள். தனிக் கொடியில் ஒரு நீல டி-ஷர்ட் தொங்கியது. யாரோ ஒரு பெரிய உடம்புக்காரனுக்குத் தைத்தது. ஜனனிக்கு முழங்கால் வரை வரும். முதலில் அடர்நீலமாக இருந்திருக்க வேண்டும். வெளுத்து வெளுத்து, மழை விட்ட காலை வானம் மாதிரி ஆகியிருந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தொட்டாள். கையை எடுக்க மனம் வரவில்லை. அவ்வளவு மெது.

அடி ஓரத்தில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. உருவி, தீக்குச்சியைக் காட்டினாள்.

நூல் சுருங்கியது. கறுத்து உருண்டையாயிற்று.

ஜெயபாரதி கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். நாளைக்கு மகளிடம் என்ன சொல்வது என்பதை அப்போதுதான் முதல்முறையாக யோசிக்க ஆரம்பித்தாள். கடையில் புதுத் துணி வாங்கி, அலசி, பழசு என்று நீட்டிவிடலாம். அனுப்ரியா கண்டுபிடிக்காமல் போகலாம். ஆனால் செல்லாத்தாள் தொட்ட உடனே கண்டுபிடித்துவிடுவார்.

"என் டி-ஷர்ட்டை ஏனுங்மா பிரிச்சு வெச்சிருக்கீங்க?"

கல்லூரியிலிருந்து வந்த ஜனனி மாடிப்படியில் நின்றிருந்தாள். அம்மாவின் கையில் தீப்பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. கொளுத்தவே வந்துவிட்டீர்களா என்பதைப் போலப் பார்த்தாள். அதற்குள் யூனிட்டிலிருந்து திரும்பிய அருள்செல்வன், மாடியில் பேச்சுக் குரல் கேட்டு மேலே வந்தார். முதுகில் பத்தாம் எண். மனைவியின் கையிலிருந்த கறுப்பு உருண்டையைப் பார்த்தார். டி-ஷர்ட்டின் பிரிந்த ஓரத்தைப் பார்த்தார்.

"நீ எரிச்சது தையல் நூலு. எந்தத் துணியா இருந்தாலும் தெக்கிற நூலு பாலியஸ்டர்தான். துணியை எரிச்சுப் பாரு."

அவரே நகத்தால் ஓரத்திலிருந்து ஒரு இழையைக் கிள்ளி எடுத்தார். தீ பட்டதும் பற்றி எரிந்தது. காகித வாசனை. சாம்பலை ஊதினார். பறந்துவிட்டது.

கழுத்துப் பட்டையின் லேபிளில் நூறு சதம் பருத்தி என்றிருந்தது. இந்தியாவில் தயாரானது என்றும் இருந்தது. இங்கிருந்து போனதாகவும் இருக்கலாம், வேறு எங்கிருந்தோ போனதாகவும் இருக்கலாம், எல்லாம் ஒன்றுதான் என்றார் அருள்செல்வன். பிறகு, அம்மா, மகள் இருவரின் முகங்களையும் பார்த்துவிட்டு, டீ குடிக்கிறேன் என்று இறங்கிப் போய்விட்டார்.

ஜெயபாரதி நடந்ததையெல்லாம் சொன்னாள். பீரோ, அலமாரி, அப்பாரு என்று பெண்கள் அழைக்கும் தாத்தாவின் கந்தல், மூன்று மூட்டை, செல்லாத்தாளிடம் சொன்ன வீறாப்பு எல்லாவற்றையும். ஜனனி கொடிக் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தேர்வுக்கெல்லாம் போட்டுப் போகிற டி-ஷர்ட் அது. அதைப் போட்டால்தான் எழுத வரும் என்பாள்.

"யாரோ போட்டது, பீடைன்னு வாளியே வேற வெச்சீங்க" என்றாள் ஜனனி.

"ஒரு வருசமா நீ போட்டிருக்கற. இப்ப இது பாப்பாவோட சித்தி துணி. நல்லா வாழறவ துணி."

"நேத்து வரைக்கும் யாரு துணிங்மா?"

ஜெயபாரதி டி-ஷர்ட்டின் கைப்பகுதியைத் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு, மகளிடம் இதுவரை பேசாத ஒரு குரலில் சொன்னாள்.

"குடுக்கறியா கண்ணு? இல்லீன்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்."

ஜனனி கொடியிலிருந்து டி-ஷர்ட்டை எடுத்தாள். முகத்தில் ஒருமுறை ஒற்றிக்கொண்டாள். பிறகு அம்மாவின் தோளில் போட்டாள்.

"எந்த வாளியில ஊற வெக்கறது, அதையும் சொல்லீருங்."

அன்று அந்த டி-ஷர்ட், சிவப்பு வாளியில் அல்ல, குளியலறையின் பெரிய நீல வாளியில் ஊறியது. அதற்கு முன் வெந்நீர் அண்டாவில் நன்றாகக் கொதித்தது. மின்விசிறிக்கு அடியில் இரவு முழுக்க உலர்ந்து, காலை வெயிலில் வீட்டார் துணிகள் காயும் கொடியில் காய்ந்தது.

வெட்டுகிற வேலையை அருள்செல்வன் எடுத்துக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் டி-ஷர்ட்டை விரித்து, தையல்கள் எல்லாம் கழியும்படி உள்ளே தள்ளி வெட்டினார். பாலியஸ்டர் நூலில் ஒரு இழைகூடப் பிள்ளையின் மேல் படக்கூடாது என்று பின்னால் நின்று ஜெயபாரதி சொல்லிக்கொண்டே இருந்தாள். பின்பக்கத்தில் ஒரு பெரிய துண்டு கிடைத்தது, அது தொட்டிலுக்கு. முன்பக்கத்துத் துண்டுதான் சுற்றித் தூக்குவதற்குச் சரியான அளவு. அதில் நெஞ்சுப் பாக்கெட் ஒன்று இருந்தது. அதன் தையலையும் பிரித்து எடுத்தார். ஓரத்தை மடித்து அடிக்கவில்லை. பனியன் துணி வெட்டிய இடத்தில் தானே சுருண்டுகொள்ளும், பிரியாது.

பாக்கெட்டை எடுத்த இடம் மட்டும் வெளுக்காமல் இருந்தது. வெளிர் வானத்தின் நடுவே அடர்நீலமாக ஒரு சதுரம்.

மூவரும் அதைப் பார்த்தார்கள். மாமனாரின் வேட்டி என்று சொல்லி நீட்டும் எண்ணம் ஜெயபாரதிக்குள் எங்காவது மிச்சமிருந்திருந்தால், அது அந்தச் சதுரத்தோடு போயிற்று. தண்டாயுதபாணி பிறந்ததிலிருந்து நீலம் உடுத்தியதில்லை.

ஆஸ்பத்திரி அறையில் செல்லாத்தாள் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கட்டைப்பை. மருமகன் மகுடேஸ்வரன் கீழே பில் போட்டுக்கொண்டிருந்தார். ஜெயபாரதி பையைத் திறந்து துணியை எடுத்து மகளின் கையில் கொடுத்தாள். அனுப்ரியா விரல்களால் தேய்த்துப் பார்த்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு விரித்தாள்.

"பாக்கெட் இருந்த எடமாட்ட இருக்குது. யாருதுங்மா இது? அப்பாருதுன்னு நெனச்சேன்."

செல்லாத்தாளும் எட்டிப் பார்த்தார். ஜனனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஜனனியோடது" என்றாள் ஜெயபாரதி. "அவளுக்கு முந்தி யாரு போட்டாங்கன்னு தெரியாது. நம்ம ஊட்டுல தேடுனேன் சாமி, ஒரு முழம் பழைய பருத்தி இல்ல. அத்தனையும் எரிச்சுப் பாத்துட்டேன். இது ஒண்ணுதான் பருத்தி. கொதிக்க வெச்சு, அலசி, காய வெச்சுக் கொண்டாந்திருக்கேன். உனக்கு வேண்டாம்னா இப்பவே சொல்லீரு."

பழக்கத்தில் அனுப்ரியாவின் விரல்கள் துணியின் ஓரமாக லேபிளைத் தேடின.

"வெட்டிட்டோம்க்கா" என்றாள் ஜனனி. "பாப்பாவுக்குக் குத்தும்."

அனுப்ரியா சிரித்துவிட்டாள். பிரசவ நோவு இன்னும் ஆறவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். போன வருடம் அந்த மூன்று மூட்டைகளைத் தன் கையாலேயே கட்டி வண்டியில் ஏற்றியவள் அவள்தான். அதை யாரும் அவளுக்கு ஞாபகப்படுத்தவில்லை. தேவையும் இருக்கவில்லை. குழந்தையைத் தூக்கி நீலத் துணியின் நடுவில் கிடத்தி, ஒவ்வொரு பக்கமாக மடித்துச் சுற்றினாள். அடர்நீலச் சதுரம் குழந்தையின் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது.

ஜெயபாரதி செல்லாத்தாளைப் பார்க்காமலிருக்கப் பிரயாசைப்பட்டாள். கடைசியில் செல்லாத்தாள்தான் தன் கட்டைப்பைக்குள் கையை விட்டார். உள்ளே பளபளக்கும் ரோஜா நிறத்தில், அடுக்கடுக்கான ஃப்ரில் வைத்த கவுன் ஒன்று.

"நீங்க வேண்டாம்னு சொன்னாலும் மனசு கேக்குலீங்க சம்பந்தி. நானும் ஊடு பூரா தேடுனேன். பழசு எல்லாத்தையும் கூடைக்காரன்கிட்ட பிளாஸ்டிக் கூடைக்குப் போட்டுட்டனுங்க. வெறுங்கையோட வரக்கூடாதுன்னு இதை வாங்கியாந்தேன். இதை எப்புடிப் பிள்ளைக்கிப் போடறது? தீயிலே காட்டுனா உருகீரும்."

சொல்லிவிட்டு, குழந்தையைச் சுற்றியிருந்த துணியை விரல் நுனியால் தடவினார்.

"இன்னும் மிச்சமிருக்குதுங்களா இதுல? எங்க சின்ன மகளுக்கும் ஆவணியில பிரசவத்துக்கு நாள் குறிச்சிருக்குதுங்க."

பின்பக்கத்துத் துண்டு தொட்டிலுக்கு என்று வைத்திருந்தது. ஜெயபாரதி ஜனனியைப் பார்த்தாள். அது தன் துணியில்லை, கொடுப்பதாக இருந்தால் அவள்தான் சொல்ல வேண்டும். ஜனனி தலையாட்டினாள்.

வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தார்கள். மாமனார், சாமி படத்துக்கு முன்னால் கொள்ளுப் பேத்திக்குத் திருநீறு வைத்துவிட்டு, நீலமும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அனுப்ரியாவும் குழந்தையும் தூங்கிய பிறகு ஜெயபாரதி தன் அறைக்குப் போனாள். கட்டில்மேல் குன்று அப்படியே இருந்தது. அதன் அடியிலிருந்து அந்தச் சாம்பல் நிறச் சுங்குடியை உருவி எடுத்து, மடிப்பை உதறி, இஸ்திரி போடாமலே கட்டிக்கொண்டாள். கஞ்சி விறைப்பில் சேலை இடுப்பில் நிற்காமல் முரண்டு பிடித்தது.

எட்டிப் பார்த்த ஜனனி கதவிலேயே நின்றுவிட்டாள். ஊட்டுக்குள்ளே கல்யாணச் சேலை எதற்கு என்று கேட்டாள்.

"தெனமும் கட்டப் போறேன். கட்டுனாத்தானே பழசாகும்."

"யாருக்குங்மா?"

"உனக்குத்தான். உன் பிள்ளைக்கி."

"எனக்கு அதுக்குள்ள என்னங்மா அவசரம்?"

"அவசரம் இல்ல கண்ணு" என்றாள் ஜெயபாரதி, கொசுவத்தைச் செருகிக்கொண்டே. "மெதுவா ஆகட்டும். இதுவும் மெத்துனு ஆகறதுக்கு நாளாகுமல்ல?"